மண்டிக்காரர் வீடு (குரூப்): காதுகுத்தும் கோத்தகிரி ஏத்தமும்

வெள்ளிக்கிழமை, மாலை 7.02

சுமதி: எல்லாரும் பாத்துக்கோங்க. பூசாரி இப்பதான் போன் பண்ணாரு. ஞாயித்துக்கெழம 9 மணிக்கு வேற பார்ட்டி வந்துருச்சாம். நமக்கு 7.30-லருந்து 9-க்குள்ள மொட்டையும் காதுகுத்தும் முடிக்கணுமாம். 6.45-க்கே கோயில்ல இருக்கணும்

கனகா: 6.45-ஆ? கோத்தகிரில? தை மாசத்துல?

விக்னேஷ்: பாப்பாவுக்கு மொட்டை, நமக்கு குல்லா

சுமதி: செந்தில் பாத்தியா

சுமதி: நீல டிக் வந்துருச்சு. பாத்துட்ட

ராணி: ஏன் அவனுக்கு என்ன

விக்னேஷ்: அத்தை அன்னிக்கு ரேஸ்

ராணி: என்ன ரேஸ்

பழனிசாமி: சைக்கிள்

பழனிசாமி: வேறென்ன

செந்தில்: அக்கா நீ 9-லருந்து 10.30-ன்னு சொன்னதாலதான் பேர் குடுத்தேன். எல்லாரும் பதறாதீங்க. ரேஸ் வேற ஊருக்கு இல்ல, மேட்டுப்பாளையத்துல கெளம்பி கோத்தகிரிலதான் முடியுது. 6.30-க்கு ஸ்டார்ட். சுமார் 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், கோத்தகிரி 1,700-க்கு மேல. குன்னூர் ரோடு மாதிரி மூச்சு முட்டற கொண்டை ஊசி அவ்ளோ இல்ல, சீரா ஏறும். மணிக்கு 15 வெச்சாலும் 8.40-க்கு மேல வந்துருவேன்

பழனிசாமி: மொட்டை 7.30-க்கு. மடி யாரு

ராணி: விக்னேசும் மாமந்தானே. உக்காரட்டும்

விக்னேஷ்: நான் ரெடி. சீர் மட்டும் செந்தில் அண்ணன் செய்யட்டும்

சுமதி: கூடப்பொறந்தவன் இருக்கறப்போ எப்படிங்க அத்தை

ராணி: ஏன் இருந்தா என்ன. என் பையன் மொட்டைக்கு கூடப்பொறந்தவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. கெழங்கு ஏலம்னு ஒருத்தரும் வரல

பழனிசாமி: அன்னிக்கு லோடு வந்துருச்சு

ராணி: லோடுதான். மொட்டை போட்ட பையனுக்குக் கல்யாணமே ஆயிருச்சுங்ணா

பழனிசாமி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கனகா: என்னங்க மாமா அழிச்சுட்டீங்க

தங்கவேல்: வாய்ஸ் மெசேஜ் (2.48)

விக்னேஷ்: அப்பா யாரும் கேக்க மாட்டாங்க. டைப் பண்ணுங்க

தங்கவேல்: நான் வாடகை சைக்கிள்லயே கோத்தகிரி போனவன். கியரு கியருன்னு இவனுக்குத்தான் அலும்பு

பழனிசாமி: நீ போனது பஸ்ல. சைக்கிள் பஸ்ஸு மேல

மோகன்: மாமா, நான் ஒண்ணு சொல்லலாங்களா. மொட்டைய 7.30-க்கு விக்னேஷ் மடில முடிச்சுக்கலாம். குளிப்பாட்டி பால் குடுத்து அழுகை நிக்கவே நேரமாகும். ஆசாரி தெரிஞ்சவருதான், காதுக்கு 8.45 சொல்றேன். மச்சான் அதுக்குள்ள வந்துட்டா சரி

சுமதி: வரலைன்னா?

மோகன்: 👍

சுமதி: தம்ஸ் அப்பு எதுக்கு

ராணி: ஏன் கண்ணு, எவ்ளோ பரிசு

செந்தில்: மொத மூணு பேருக்குத்தான் அத்தை

ராணி: நீ எத்தனாவது வருவே

விக்னேஷ்: கடைசிலருந்து சொல்லட்டுமா

செந்தில்: பதக்கம் ஓட்டி முடிக்கற எல்லாருக்கும் உண்டு

ராணி: தங்கமா

பழனிசாமி: தகரம்

ராணி: பரிசும் இல்ல, வெளங்கற எடமும் இல்ல. பொண்ணு பாக்கப் போற அன்னிக்கும் இதேதான். பல்லடத்துக்காரங்க இன்னும் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல

செந்தில்: அத்தை அதை விடுங்க. இந்த ரேஸ் ஏன்னா... சமதரை ரேஸ்ல முன்னாடி போறவன் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போவாங்க. எதிர்க்காத்து அவனுக்கு, நமக்கு மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். ஆனா ஒரு திருப்பத்துல ரெண்டு சைக்கிள் நீளம் விட்டுட்டோம்னா போச்சு, மொத்தக் காத்தும் நம்ம நெஞ்சுல. கூட்டம் போய்ட்டே இருக்கும், திரும்பப் புடிக்க முடியாது. என்னை எப்பவும் அங்கதான் கழட்டி விடுவாங்க. மலைல அந்தக் கணக்கே கெடையாது. போற வேகத்துக்குக் காத்து பெரிசா தடுக்காது. அவனவன் எடை, அவனவன் கால். எவன் பின்னாடியும் ஒளிய முடியாது, அதே சமயம் கூட்டமாச் சேந்து நம்மள ஏமாத்தவும் முடியாது. குஞ்சப்பனை தாண்டி ஒரு எடத்துல காத்து மாறும். கார்ல கண்ணாடி ஏத்திட்டு வர்றவங்களுக்கு அது எங்கன்னே தெரியாது. அங்க கால்வலி மறந்துரும். அரவேணு வந்ததும் திரும்ப ஞாபகம் வந்துரும், அது வேற விஷயம்

விக்னேஷ்: படிச்சு முடிக்கறதுக்குள்ள நானே அரவேணு போயிருப்பேன்

கனகா: சுமதி பூ எத்தனை முழம்

ராணி: அந்த சைக்கிள் காசுல ஒரு பவுன் எடுத்துருக்கலாம்

செந்தில்: செகண்ட் ஹேண்டுங்க அத்தை. அலுமினியம். 9 கிலோ. உலக அளவு ரேஸ்ல 6.8 கிலோவுக்குக் கீழ சைக்கிள் இருக்கக் கூடாதுன்னே விதி இருக்கு. கூட வர்றவங்க வண்டியெல்லாம் அந்தப் பக்கத்துலதான். எனக்கு ரெண்டு கிலோ கூட

பழனிசாமி: 45 கிலோ கெழங்கு மூட்டைய கேரியர்ல வெச்சு மண்டிக்கு மிதிச்சோம். இவனுக்கு ரெண்டு கிலோ கனமாம்

விக்னேஷ்: அந்த ரெண்டு கிலோ தொப்பைல குறையலாம்ண்ணா

மரகதம்: செந்திலு என் நைட்டிய கிழிச்சது நீயா

செந்தில்: பழசும்மா. செயின் தொடைக்க பருத்தித் துணிதான் வேணும்

மரகதம்: நல்லது அது. சைக்கிளு கட்டலுக்குப் பக்கத்துல நிக்குது. ராத்திரி ஆனா பல்லு வெளக்கற பிரசு வெச்சுத் தேக்கறான். செவுரெல்லாம் கருப்பு. நாங்க ரெண்டு பேரும் ஹால்ல படுக்கறோம்

கனகா: அக்கா மருமக வந்தா சைக்கிள எங்க விடுவான்

விக்னேஷ்: மருமகள ஹால்ல

பழனிசாமி: செயின் தேஞ்சு நீண்டு போச்சு. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா பின்னாடி பல்லு தாவும்

செந்தில்: அப்பா நீங்க எப்ப பாத்தீங்க

பழனிசாமி: வழில நிக்குது. கண்ணு இருக்கு. பாத்தேன்

செந்தில்: மாத்தணும்தான். அந்த செயின் கோயமுத்தூர்லதான் கெடைக்கும்

பழனிசாமி: நாளைக்கு மண்டி முடிஞ்சு வண்டி அந்தப் பக்கம்தான் போகுது

பழனிசாமி: பேர எழுதி அனுப்பு. எனக்கு மட்டும். இங்க வேண்டாம்

விக்னேஷ்: 👀

மரகதம்: எறங்கறப்போ கார்ல வந்துரு. போன தடவை டயரு வெடிச்சுது

செந்தில்: டியூப்பும்மா. எறக்கம் பூரா பிரேக்க அழுத்திப் புடிச்சுட்டே வந்தா ரிம் சூடேறி வெடிக்கும். விட்டு விட்டுப் புடிக்கணும்

மரகதம்: கார்ல வா

ராணி: அந்த ஒட்டின டவுசரோட சாமி முன்னாடி வந்து நிக்கப் போறானா

சுமதி: அப்பா அவன் பட்டு வேட்டி, சீர்த் தட்டு, கொலுசு எல்லாம் உங்க கார்ல வந்துரணும். செந்தில் நீ எங்க வீட்டுக்குப் போயி குளிச்சுட்டுத்தான் கோயிலுக்கு. 8.45-ன்னா 8.45

செந்தில்: முடியற எடத்துலருந்து உங்க வீடு இன்னும் ஒரு ஏத்தம்க்கா

சுமதி: அப்ப வேகமா ஓட்டு

ராணி: திருப்பூர்லருந்து ரெண்டு கார் வர்றோம். இ-பாஸ் வேணுமா

சுமதி: வேணுங்க அத்தை. டிஎன் 43, நம்ம நீலகிரி நம்பர் வண்டிக்குத்தான் வேண்டாம். அப்புறம் பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, செக்போஸ்ட்ல எறக்கிருவாங்க

ராணி: கொழந்தைங்க தண்ணிக்கு எங்க போறது

சுமதி: தூக்குல கொண்டாங்க

விக்னேஷ்: செந்தில் அண்ணன் சைக்கிளுக்கு இ-பாஸ்?

தங்கவேல்: வாய்ஸ் மெசேஜ் (3.10)

மோகன்: மாமா கறி எத்தனை கிலோ சொல்லட்டுங்க

பழனிசாமி: 9 போதும்

சுமதி: அப்பா 60 பேரு. அது சைக்கிள் கணக்கு

பழனிசாமி: 15 சொல்லுங்க மாப்பிள்ளை

மோகன்: சரிங்க மாமா. ஆசாரி கிட்ட பேசிட்டேன், 8.30-க்கு மேல நிக்க முடியாதுங்கறாரு. காலைல திரும்பக் கேக்கறேன்

செந்தில்: 8.30-ஆ

சுமதி: விக்னேஷ், நீ எதுக்கும் ஒரு பட்டு வேட்டி எடுத்துட்டு வா

விக்னேஷ்: எங்கப்பாது இருக்கு. இடுப்புல நிக்காது

ராணி: யாராச்சும் சொல்லுங்க, இ-பாஸ்ல தங்கற எடம்னு கேக்குது, சுமதி வீட்டு அட்ரஸ் போடறதா