புதுப்பிப்பு: ஆம்ப்ளிஃபயர் கரகரப்பு, நான் தேடியது தப்பான இடத்தில்

நானே செய்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பு வருகிறது, இரைச்சலைக் குறைக்க ஷீல்டு கேபிள் (வெளி மின் இடையூறைத் தடுக்கும் உறை போட்ட கேபிள்) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கேபிளை மாற்றியும் பார்த்தேன். ஒரு பயனும் இல்லை.

அப்புறம் உள்ளீட்டை கிரவுண்டோடு இணைத்துக் கேட்டேன். மெல்லிய 'உஸ்' மட்டும் மிஞ்சியது, கரகரப்பைக் காணோம். அங்கேதான் பொறி தட்டியது. இரைச்சல் என்றால் சிக்னல் இல்லாவிட்டாலும் இருக்கும். இது சிக்னலோடு வந்து சிக்னலோடு போகிறது; அதாவது உருக்குலைவு, டிஸ்டார்ஷன்.

உறுதிப்படுத்த 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்தேன். அளவைக் கூட்டியதும் ஆசிலோஸ்கோப்பில் அலையின் தலையும் அடியும் தட்டையாயின. ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படத்தில், நான் கொடுக்காத 3, 5 கிலோஹெர்ட்ஸில் புதுக் கோடுகள். 64 முறை சராசரி எடுத்தபோது இரைச்சல் எட்டில் ஒரு பங்காக இறங்கியது, கோடுகளோ அசையவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதைச் சராசரி எப்படிக் கரைக்கும்?

காரணம் சப்பென்று இருந்தது: 9 வோல்ட் பேட்டரி 6 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. சிக்னலைப் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்ப் அதற்கு மேல் எங்கே போகும்! புது பேட்டரி போட்டு, கெயினையும் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) பாதியாக்கினேன், கரகரப்பு போய்விட்டது.

மிச்சமிருந்த 'உஸ்' தான் உண்மையான இரைச்சல். உள்ளீட்டில் தொடராக இருந்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை 10 கிலோவாக மாற்றினேன். அதன் வெப்ப இரைச்சல் (வெப்பத்தால் ரெசிஸ்டருக்குள்ளேயே எழும் இரைச்சல்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். காதுக்கும் வித்தியாசம் தெரிகிறது. ஷீல்டு கேபிள்? சரி, வாங்கியாயிற்று, இருக்கட்டும்.