ஒரே வகைப் படகுகளுள் ஒன்று மட்டும் பின்தங்குகிறது: காரணம் அறிய உதவி வேண்டும்

கேள்வி – பூநகரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். சங்குப்பிட்டிப் பாலத்துக்குச் சற்று அப்பால், பூநகரிக் கரையில், நாங்கள் சிலர் ஆறு பழைய லேசர் படகுகளை (ஒருவரே ஓட்டும் சிறிய பாய்ப்படகுகள்) வைத்துக்கொண்டு சோழகக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாய்மரப் போட்டி நடத்துகிறோம். ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் என்னிடம் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர்கள். படகுகளின் நீளமும் பாயின் அளவும் ஒன்றே என்பதால், யாருக்கு எந்தப் படகு என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டே தீர்மானிக்கிறோம். படகு ஒன்றாக இருக்கும்போது கைத்திறனும் காற்றை வாசிக்கும் அறிவுமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நான்காம் இலக்கப் படகு கடந்த வருடம் தொடக்கம் யார் ஓட்டினாலும் கடைசியாகவே வருகிறது. காற்றை எதிர்த்துக் குறுக்கும் மறுக்குமாக ஏறும்போது, ஒவ்வொரு முறை பாயை மாற்றித் திரும்பிய பின்பும், மற்றப் படகுகள் ஓட்டம் பிடித்துவிட இது மட்டும் மெதுவாகவே வேகமெடுக்கிறது. காலையில் நடக்கும் முதல் ஓட்டத்தில் இந்த வேறுபாடு குறைவாகவும், கவிழ்ந்து நிமிர்த்திய பின் மிகுதியாகவும் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தடவை இந்தப் படகே சீட்டில் விழுந்த ஒரு மாணவி, இப்போது போட்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. எங்கிருந்து சோதனையைத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் – மன்னாரிலிருந்து

ஐயா, பழைய பாய் இழுபட்டு, அதன் வயிறு (காற்றில் அதிகம் புடைக்கும் பகுதி) பின்னால் நகர்ந்துவிட்டால் படகு காற்றுக்கு நெருங்கி ஏறாது. பாயையும் பாய்மரத்தின் மேல்துண்டையும் வேறொரு படகுடன் மாற்றிப் பாருங்கள். அலுமினிய மேல்துண்டு நிரந்தரமாக வளைந்திருந்தாலும் இதே குறை தோன்றும். நடுப்பலகையில் சாதாளை சிக்கியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி, தம்பி. பாய், பாய்மரம், நடுப்பலகை, சுக்கான் ஆகிய நான்கையும் இரண்டாம் இலக்கப் படகுடன் மாற்றி மூன்று போட்டிகள் ஓடிப் பார்த்துவிட்டோம். இரண்டாம் இலக்கப் படகு முன்போலவே முன்னணியில் நின்றது, நான்காம் இலக்கம் பின்னால்தான். எனவே குறை உடற்கூட்டில்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். கரைக்கு வந்தபின் பின்புற அடைப்பைக் கழற்றினால் ஒரு கோப்பை அளவு தண்ணீர் மட்டுமே வருகிறது.

பதில் – ரொறன்ரோவிலிருந்து (ஊர் முல்லைத்தீவு)

நான் ஒன்ராறியோ ஏரியில் பல வருடங்களாக லேசர் ஓட்டுகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் யாவும் கூட்டினுள் தண்ணீர் தங்கியிருப்பதையே காட்டுகின்றன. இந்தப் படகின் வெறும் உடற்கூடு ஏறத்தாழ 59 கிலோகிராம் நிறையுடையது. அதனுள் பத்து லீற்றர் தண்ணீர் புகுந்தால் நிறை ஆறில் ஒரு பங்கு கூடிவிடும்; அதைவிடக் கெடுதல் என்னவென்றால், அந்தத் தண்ணீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, ஓட்டுபவர் உடலால் தாங்க முயலும் சாய்வை மேலும் கூட்டும். ஆகவே முதலில் ஆறு கூடுகளையும் பாய்மரமின்றி, நடுப்பலகையின்றி நிறுத்துப் பாருங்கள். நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு கிளிநொச்சியில் கிடைக்காமல் போகாது.

அடுத்தது கசிவுச் சோதனை. பின்புறத் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி வாயால் மெதுவாக ஊதியபடி, மேல்தட்டும் கீழ்க்கூடும் சேரும் விளிம்பு, நடுப்பலகைப் பொந்து, அடித்தட்டின் தண்ணீர் வெளியேற்றி, சுக்கான் பிணைக்கும் திருகாணிகள் ஆகியவற்றில் சவர்க்கார நீரைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே கசிவு. சைக்கிள் பம்பையோ அமுக்கக் காற்றையோ ஒருபோதும் பயன்படுத்தவேண்டாம், பொருத்து வெடித்துவிடும். ஊதும்போது இருக்கைக் குழியின் முன்சுவரில், மேல்தட்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்ள சிறிய மூச்சுத் துளையை ஒருவர் விரலால் மூடிக்கொள்ளவேண்டும்.

பாய்மரம் நிற்கும் குழாயைத் தனியாகச் சோதியுங்கள். அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஒரு மணித்தியாலம் விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் களப்பு ஆழங்குறைந்தது என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: படகு முற்றாகக் கவிழும்போது பாய்மர நுனி சேற்றில் குத்தும், அந்த நெம்பு முழுவதும் குழாயின் அடியில்தான் விழும். அங்கு கசிவு இருந்தால் சீர்செய்யும் வரை படகை இறக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்

அண்ணா, நிறுத்துப் பார்த்தோம். ஐந்து கூடுகள் 60க்கும் 62க்கும் இடையில் நிற்க, நான்காம் இலக்கம் 71 கிலோகிராம் காட்டியது. குழாயில் நிரப்பிய தண்ணீர் ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னும் இறங்கவில்லை. அதில் பெரும் நிம்மதி. ஆனால் நீங்கள் சொன்ன மூச்சுத் துளை இந்தப் படகில் இல்லை. மற்ற ஐந்திலும் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தபோது அந்த இடத்தில் பூச்சு சற்று மேடாக இருந்தது. கடந்த வருடம் மேல்தட்டுக் கீறலைச் சீர்செய்ய ஒரு பட்டறையில் கொடுத்திருந்தோம். அங்கு அதைக் கசிவு என்று எண்ணிப் பிசின் வைத்து அடைத்துவிட்டார்கள் போலும். சவர்க்காரச் சோதனையில் சுக்கான் பிணைப்பின் கீழ்த் திருகாணி இரண்டிலும் குமிழி வந்தது.

பதில் – ரொறன்ரோவிலிருந்து

அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. மூச்சுத் துளை அடைபட்ட கூடு, மூடி இறுக்கிய போத்தலைப் போன்றது. உங்கள் வெயிலில் கரையில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் காற்று 30 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால், முற்றாக மூடிய கூட்டில் அழுத்தம் ஆறு, ஏழு சதவீதம் உயரும். அதாவது ஒவ்வொரு சதுர மீற்றர் பரப்பும் 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசையால் வெளியே தள்ளப்படும். பலவீனமான பூச்சுகள் அதில்தான் பிளக்கின்றன. பின்பு படகைத் தண்ணீரில் இறக்கியதும் காற்றுக் குளிர்ந்து சுருங்கி, அதே பிளவுகளால் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. பின்பலகை தண்ணீரில் அமிழும் ஒவ்வொரு தடவையும் நிறை கூடுவது இதனால்தான்.

அடைப்பைக் கழற்றியும் ஒரு கோப்பைதான் வந்தது என்றீர்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று நுழைய மறு துளை வேண்டும். அடைபட்ட மூச்சுத் துளையைத் திறந்து, முன்பக்கத்தை இடுப்பளவு உயர்த்தி வையுங்கள்.

பதில் – முல்லைத்தீவிலிருந்து

நான் பைபர் வள்ளம் திருத்துபவன். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, துளைகளை நல்ல தண்ணீரால் கழுவி உப்பு நீக்கி, நன்றாகக் காயவிட்ட பின்பே கடலுக்குரிய பொலியூரித்தேன் பசையிட்டு மீண்டும் பூட்டுங்கள். ஈரத்தின்மேல் பசை பிடிக்காது. வீட்டுக்குப் பூசும் சாதாரண சிலிக்கன் வேண்டாம். பின்பு எந்தப் பூச்சும் அந்த இடத்தில் ஒட்டாது.

கேள்வி கேட்டவர்

உள்ளே காய வைப்பதற்குப் பார்வைத் துவாரம் ஒன்று வெட்டலாமா? ஒரே வகைப் படகின் விதிக்கு அது முரணாகுமா? மற்ற மாணவர்கள் கேள்வி எழுப்பக்கூடாது.

பதில் – ரொறன்ரோவிலிருந்து

முரணாகாது. உள்விட்டம் 153 மில்லிமீற்றருக்கு மேற்படாமல், திருகி மூடும் நீர்புகா மூடியுடன் இருந்தால் லேசர் வகுப்பு விதி அதை அனுமதிக்கிறது. திருத்த வேலையும் அனுமதிக்கப்பட்டதே. நிறையைக் குறைக்கவோ வடிவத்தை மாற்றவோ அடிப்பகுதியைத் தேய்ப்பதுதான் கூடாது.

கேள்வி கேட்டவர் – மூன்று கிழமைகளின் பின்

துளையைத் திறந்து முன்பக்கத்தை உயர்த்தியதும் ஏழு லீற்றருக்கு மேல் உப்புத் தண்ணீர் வடிந்தது. துவாரம் வெட்டி, சிறிய மின்விசிறியை ஐந்து நாட்கள் ஓடவிட்டு, முல்லைத்தீவுத் தம்பி சொன்னபடி திருகாணிகளைப் பூட்டினோம். இப்போது நிறை 62 கிலோகிராம். மற்ற ஐந்து படகுகளின் மூச்சுத் துளைகளையும் மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தோம். கரையில் நிற்கும்போது பின்புற அடைப்பைக் கழற்றியே வைக்கிறோம்.

நேற்றுக் காற்று பலமாக இருந்தது. நான்காம் இலக்கம் நான்கு ஓட்டங்களில் இரண்டாவது, ஐந்தாவது, முதலாவது, மூன்றாவது இடங்களைப் பிடித்தது. அந்த மாணவியின் வீட்டுக்குத் தராசுக் கணக்கை எழுதிய கொப்பியுடன் நேரில் சென்று, அவர் தோற்றது தம் குறையால் அல்ல என்று காட்டினேன். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.