மறு: மிஸ்ஃபயர் – பொறிதவறலா, எரிதவறலா?

நண்பர்களே,

எஞ்சின் சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் போவதை ஆங்கிலத்தில் மிஸ்ஃபயர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> மிஸ்ஃபயர் என்றால் தீப்பொறி வராததுதானே? 'பொறிதவறல்' என்றே வைத்துவிடலாம்.

சொல் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பழுது பார்ப்பவரை இது தப்பான இடத்தில் தேட வைக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரும் (தீப்பொறி தரும் பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்து அனுப்புவது) சி.பி. பாயிண்டும் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிப்பது) உள்ள பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் மெதுவாக ஓடும்போது, உதறுகிறது, சைலன்சர் சத்தம் விட்டு விட்டு வருகிறது. மெக்கானிக் ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். நன்றாக ஓடும் சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் இன்னும் தடுமாறும். எந்த வயரை எடுத்தும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. இந்தக் கட்டத்தில் அவருக்குத் தெரிந்தது அங்கே எரியவில்லை என்பது மட்டும்தான். நமக்குப் பெயர் வேண்டியதும் இந்த நிலைக்குத்தான்.

காரணம் தேடுவது அப்புறம். காயில் (உயர் மின்னழுத்தம் உண்டாக்குவது), கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பாயிண்ட் கெட்டால் பொதுவாக எல்லாச் சிலிண்டரும் அடிவாங்கும். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் பிளக்கையும் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் முதலில் பார்க்க வேண்டும். பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போட்டால், பிளக்தான் குற்றவாளி என்றால் கோளாறும் கூடவே போகும். வயரில் மின்கசிவு இருந்தால், இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைப் புகைபோல் தெளிக்கும்போது நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். (கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் இடம்.)

இதெல்லாம் சரியாக இருந்தும் எரியாமல் போவதுண்டு. வால்வு கருகி, கலவையை அழுத்தும் கம்ப்ரெஷன் போயிருக்கும். அல்லது இன்டேக் கேஸ்கெட் (கலவை உள்ளே வரும் குழாயின் இணைப்பை அடைக்கும் தகடு) வழியாகக் காற்று புகுந்து, பற்ற முடியாத அளவுக்குப் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்திருக்கும். தீப்பொறி ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது அதைப் பொறிதவறல் என்று எப்படி எழுதுவது? போதாததற்கு, 'பொறி' என்றால் இயந்திரம் என்றும் பொருள் உண்டு.

இன்னொருவர் சொன்ன 'பற்றுத்தவறு' பொருளளவில் சரி. அடுப்பு பற்றவில்லை என்றுதானே சொல்கிறோம். ஆனால் கணக்கு எழுதுகிறவர் அதைப் பற்று வரவில் வந்த பிழை என்றே படிப்பார்.

அதனால் என் பரிந்துரை 'எரிதவறல்'. வினையாகவும் சிரமமில்லாமல் வருகிறது: "மூன்றாம் சிலிண்டர் எரிதவறுகிறது", "சுமை ஏறும்போது மட்டும் எரிதவறினால் பிளக் இடைவெளியைச் சரிபார்க்கவும்." கையேட்டில் இந்த வாக்கியங்களை அப்படியே போடலாம். பட்டறையில் 'மிஸ்ஸிங்' என்பது நிலைத்துவிட்ட சொல். இந்தச் சொல்லுக்கான பதிவில் அதையும் வழக்குச் சொல்லாகச் சேர்க்க வேண்டும், தேடி வருகிறவர் அதைத்தான் தட்டச்சுவார்.

பொறிதவறலையும் தூக்கி எறிய வேண்டாம். 'தீப்பொறி தவறல்' என்று விரித்து, எரிதவறலுக்கான காரணங்களில் ஒன்றாக வைக்கலாம். பேக்ஃபயரை இதில் சேர்க்காதீர்கள். எரியாமல் வெளியேறிய பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் பற்றி வெடிப்பது எரிதவறலின் விளைவாக வரலாம், ஆனால் அது வேறு நிகழ்வு. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

மறுப்பு இருந்தால், மேலே உள்ள இரண்டு கையேட்டு வாக்கியங்களில் உங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள்.