திட்டி எழுதினாலும் சைட்டேஷன்தானா?

தராசுமுள்:
‘அமெரிக்காவின் சாமுவேல் ஹண்டிங்டனைவிடப் பெரிய அரசியல் அறிவியலாளர் போன நூற்றாண்டில் கிடையாது, சைட்டேஷன் எண்ணிக்கையை, அதாவது அவர் எழுத்தை எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்பதைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்’ என்று நூலகவாசி நேற்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இனி சண்டை நாகரிகங்களுக்கிடையேதான் என்று சொல்லி 1993இல் ஃபாரின் அஃபேர்ஸ் இதழில் அவர் எழுதிய ‘நாகரிகங்களின் மோதல்?’ கட்டுரை, 1996இல் கேள்விக்குறியைக் கழற்றிவிட்டு வந்த புத்தகம், இரண்டையும் மேற்கோள் காட்டியவர்களில் எத்தனை பேர் ஒப்புக்கொண்டு காட்டினார்கள்? பாலஸ்தீன அமெரிக்க விமர்சகர் எட்வர்ட் சயீத் 2001இல் ‘அறியாமையின் மோதல்’ என்று தலைப்பிலேயே கிழித்தார். அந்தக் கிழிப்பும் ஹண்டிங்டன் கணக்கில் வரவா?

நூலகவாசி:
வரவுதான். யூஜின் கார்ஃபீல்டு 1964இல் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்ற அட்டவணையைத் தொடங்கிய நாளிலிருந்து, புகழ்கிறாயா திட்டுகிறாயா என்று எந்த அட்டவணையும் கேட்டதில்லை. மறுக்க வருபவனும் அவரைத் தொடாமல் போக முடியவில்லை என்றால் அதுதான் தாக்கம். 1940களுக்குப் பிறகு தாங்கள் வெளியிட்ட எந்தக் கட்டுரையும் மூன்றே ஆண்டில் இவ்வளவு விவாதத்தைக் கிளப்பவில்லை என்று அந்த இதழ்க்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

தராசுமுள்:
சொன்னார்கள் என்று எழுதியிருப்பது யார்? ஹண்டிங்டனே, தன் புத்தக முன்னுரையில். நல்ல சாட்சி! விவாதம் கிளம்பியதை நான் மறுக்கவில்லை. திட்டி எழுதியதும் சைட்டேஷனா?

கணக்குவாத்தி:
எண்ணிக்கைப் பிரியர்களுக்கு ஒரு பழைய கதை. 1968இல் வந்த ‘மாறும் சமூகங்களில் அரசியல் ஒழுங்கு’ நூலில், சமூகத் திரட்சியை (படிப்பு, நகரம், ஊடகம் என்று மக்கள் பழைய வாழ்விலிருந்து நகர்வதை) பொருளாதார வளர்ச்சியால் வகுத்தால் சமூக விரக்தி வரும் என்று ஒரு சமன்பாடு போட்டார் இவர். எந்த அலகில் அளந்தார் என்று நாம் கேட்க வேண்டாம், யேல் கணிதப் பேராசிரியர் செர்ஜ் லாங் கேட்டுவிட்டார். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவை ‘திருப்தியான சமூகம்’ என்ற வரிசையில் வைத்ததையும் விடவில்லை. லாங் எதிர்த்துப் பிரச்சாரம் செய்ய, 1986, 1987 இரண்டு முறையும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஹண்டிங்டனை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சைட்டேஷன் கைகொடுக்கவில்லையே ஐயா?

நூலகவாசி:
தென்னாப்பிரிக்கா விஷயம் வேறு ஆய்வாளர்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. ஹெர்பர்ட் சைமன், நோபல் வாங்கியவர், ஹண்டிங்டன் பக்கம் நின்று லாங்குடன் மல்லுக்கட்டினார். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். தேர்தல் கணிப்பு இழையிலும் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

கணக்குவாத்தி:
அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லையா?

மூன்றாம்வரிசை:
ஒரு சின்ன விஷயம். நாகரிக மோதலை ஒதுக்கி வைத்தாலும் 1957இல் வந்த ஹண்டிங்டனின் ‘சிப்பாயும் அரசும்’ நூல் இல்லாமல் ராணுவம், சிவில் அரசு உறவு பற்றி இன்றும் யாரும் பாடம் நடத்துவதில்லை. 1991இல் ஜனநாயகம் பரவியதைப் பற்றிய ‘மூன்றாம் அலை’ வேறு. அப்புறம், ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த ஹெச் இண்டெக்ஸ் (பத்துப் படைப்புகள் தலா பத்து முறையாவது மேற்கோள் ஆகியிருந்தால் பத்து என்று போகும் கணக்கு) புத்தகம் எழுதுபவர்களுக்கு ஆகாது. ஒரே நூல் ஐம்பதாயிரம் முறை மேற்கோள் ஆனாலும் அதில் அது ஒன்றுதான். எதை வைத்து அளக்கிறோம் என்று முதலில் பேசிவிடலாமே?

தராசுமுள்:
அளவுகோலை அப்புறம் பார்க்கலாம். ரஸட், ஒனீல், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1950 முதல் 1992 வரையிலான மோதல்களை எடுத்து, நாகரிக எல்லைக்கும் சண்டைக்கும் இவர் சொல்லும் தொடர்பு இல்லை என்று 2000இல் ஜர்னல் ஆஃப் பீஸ் ரிசர்ச்சில் எழுதினார்கள். ஹண்டிங்டன் அதே இதழில் ‘மீண்டும் முயலுங்கள்’ என்று தலைப்பு வைத்துப் பதில் கொடுத்தார். தலைக்கனத்தைப் பாருங்கள். அவர்கள் மறுத்ததில் இவருக்கு ஒரு சைட்டேஷன். மொய் நோட்டில் திட்டு எழுதிவிட்டுப் போனவனையும் மொய் வைத்தவன் என்று கூட்டுகிறீர்களே!

நூலகவாசி:
‘என் வாதம் பனிப்போருக்குப் பிந்தைய உலகத்தைப் பற்றியது, நீங்கள் பனிப்போர்க் காலத் தரவை வைத்துச் சோதிக்கிறீர்கள்’ என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது தெரியாது.

தராசுமுள்:
படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். திட்டி எழுதியதும் சைட்டேஷனா? ஆம் என்றால் உங்கள் ‘மிகப் பெரிய’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மிக அதிகம் திட்டு வாங்கிய’ என்று போடுங்கள்.

கணக்குவாத்தி:
பெரிய அரசியல் அறிவியலாளர் என்றால் எலினோர் ஆஸ்ட்ரமை யாருமே சொல்லவில்லையே. யாரையும் சீண்டாமல், தண்ணீரையும் மேய்ச்சல் நிலத்தையும் ஊர்க்காரர்கள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதி 2009இல் நோபல் வாங்கினார்.

நூலகவாசி:
அது பொருளாதார நோபல்.

கணக்குவாத்தி:
அவருடைய முனைவர் பட்டம் அரசியல் அறிவியலில்தான் சார். நீங்கள் தூக்கிப் பிடித்த சைமனுடையதும் அதே துறைதான், அவர் 1978இல் வாங்கியதும் அதே பொருளாதார நோபல்தான். அவருக்கு மட்டும் செல்லுமா?

தராசுமுள்:
நோபலுக்குத் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். நூலகவாசி, ஹண்டிங்டனை ஏற்றுக்கொண்டு மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரை, பக்க எண்ணோடு.

நூலகவாசி:
நூறு தருகிறேன். முதலில் கணக்குவாத்தி தேர்தல் இழைக்குப் போய் மீதிப் பாதியை எழுதட்டும்.