சொத்து முன்னாய்வு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மனையோ வீடோ வாங்குகிறவருக்காக வழக்கறிஞர் செய்து தரும் முழுச் சோதனைக்கு, அதாவது ‘டியூ டிலிஜென்ஸ்’ என்பதற்கு, இந்த இழையில் இதுவரை ‘உரிய கவனம்’, ‘வில்லங்க ஆய்வு’, ‘கிரய முன்னாய்வு’ என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. வேலூரில் சொத்து ஆவணங்களைப் பார்த்துக் கருத்துரை எழுதும் வழக்கறிஞன் என்ற முறையில், மூன்றையும் என் அன்றாட வேலையோடு பொருத்திப் பார்த்தபின், நான்காவதாகச் ‘சொத்து முன்னாய்வு’ என்பதை முன்வைக்கிறேன்.

‘உரிய கவனம்’ என்பது ஆங்கிலச் சொற்களுக்கு நேரான தமிழ்தான். ஆனால் கவனம் என்பது மனத்தின் நிலை. நமக்குப் பெயர் வேண்டியதோ ஒரு வேலைக்கு. சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, உரிமையாளர்போலத் தோன்றுகிறவரிடம் வாங்குகிறவர், விற்கும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதை நியாயமான கவனத்தோடு விசாரித்திருந்தால்தான் பாதுகாப்புத் தருகிறது. 55-ஆம் பிரிவோ, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத குறையை, தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் வழக்குரையைத் திருத்தும் இடத்திலும் இதே ‘டியூ டிலிஜென்ஸ்’ வருகிறது. அங்கே மனைக்கும் பத்திரத்துக்கும் இடமே இல்லை. ஆகவே ‘உரிய கவனம்’ அந்த அளவுகோலுக்கே உரியதாக இருக்கட்டும். அந்த அளவுகோலை எட்டுவதற்காகச் செய்யும் ஆய்வுக்குத் தனிப்பெயர் தேவை.

‘வில்லங்க ஆய்வு’ என்று எழுதிய நண்பரின் நோக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து அவர் தொடங்கியிருக்கிறார். ‘வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா?’ என்று கேட்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆயினும் அந்தச் சொல்லே இங்கு ஒரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. பதிவுத்துறை தரும் வில்லங்கச் சான்றிதழ் காட்டுவது பதிவான ஆவணங்களை மட்டுமே. உயிலைப் பதிவு செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், பெட்டிக்குள் இருக்கும் உயில் அதில் வராது. உரிமையாளர் இறந்து வாரிசுகளிடம் சொத்து இறங்கியதும் வராது. பிள்ளைகளில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 1989-ஆம் ஆண்டின் திருத்தமும் நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டின் திருத்தமும் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தபின், விடுபட்ட ஒரு மகளின் கையெழுத்து கிரயத்தையே ஆட்டம் காண வைக்கும். நிலுவையிலுள்ள வழக்கும் அதில் தெரிந்தே தீரும் என்பதில்லை. இத்தனையும் பார்த்து முடிக்கும் வேலைக்கு ‘வில்லங்க ஆய்வு’ என்று பெயரிட்டால், சான்றிதழ் வாங்கியதோடு ஆய்வு முடிந்தது என்று நம்புகிறவர்களின் நம்பிக்கைக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும்.

இதற்கு எங்கள் வட்டாரத்து உதாரணம் ஒன்று. ராணிப்பேட்டைப் பக்கத்து மனை ஒன்றின் தாய்ப்பத்திரம், அதாவது அதன் உரிமைக்கு மூலமான பழைய பத்திரம், 1970-களில் எழுதப்பட்டிருந்தால், அதன் சொத்து விவரம் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று தொடங்கும். 1989-இல் பழைய மாவட்டம் பிரிந்தபின் எழுதியது ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்றும், அதற்குப் பின்னால் வந்தது ‘வேலூர் மாவட்டம்’ என்றும், 2019-க்குப் பிறகு எழுதுவது ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்றும் தொடங்கும். மாவட்டப் பெயர் மாறியதில் பெரிய கெடுதி இல்லை. இடையில் யு.டி.ஆர். எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்ணுக்குப் புதிய உட்பிரிவு வந்திருக்கும்; நகர எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறொரு கணக்கு சேர்ந்திருக்கும். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்து வில்லங்கம் போட்டால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகலாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டு, நான்கு எல்லைகளையும் சர்வே எண்ணுக்குரிய அளவு வரைபடமான புலப்படத்தோடு வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே நிலம்தானா என்று உறுதி செய்வதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. பட்டா விற்பவர் பெயரில் இருப்பது மட்டும் போதாது. வருவாய்ப் பதிவேடு உரிமையைத் தோற்றுவிப்பதில்லை என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன சட்டநிலை.

நான் அதிகம் கவலைப்படுவது ஆய்வின் இன்னொரு பாதியைப் பற்றி. உரிமையில் ஒரு கீறலும் இல்லாத மனையில் வீடு கட்ட முடியாமல் போகலாம். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று வேலூர் நான்கு பக்கமும் பரவியபோது, வயல்களில் கல் நட்டு விற்ற மனைப்பிரிவுகள் பல, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாதவை. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-அ பிரிவு, ஒப்புதல் இல்லாத மனைகளின் பதிவைத் தடுக்கிறது. ஆனால் அதே மனை முன்பே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதிவு செய்ய வழி இருக்கிறது. வாங்குகிறவர், பதிவே ஆகிவிட்டதே என்று மகிழ்ந்து கட்டட அனுமதிக்குப் போகும்போதுதான், மனை வரன்முறைப்படுத்தப்பட்டதா, அதாவது ஒப்புதல் இல்லாத குறை பின்னர் சட்டப்படி சரிசெய்யப்பட்டதா என்ற கேள்வி எழுகிறது. 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாக வைத்து 2017-இல் வந்த வரன்முறை விதிகள் இத்தகைய மனைகளுக்காகத்தான். இதோடு, ஊரின் ‘மாஸ்டர் பிளான்’ எனப்படும் முழுமைத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்புப் பகுதியா, விவசாயப் பகுதியா, ஏரியோ ஓடையோ சேர்ந்த புறம்போக்கா என்பதையும் பார்த்தாக வேண்டும். வங்கிக்காக எழுதப்படும் பல கருத்துரைகள் முதல் பாதியான உரிமையை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. நாம் உருவாக்கும் சொல் இந்த இரண்டு பாதிகளையும் தாங்க வேண்டும் என்பதே என் முதன்மையான வேண்டுகோள்.

ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு இருந்தால் இதெல்லாம் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமோ எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடமோ அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. ஒரு தனிநபர் இன்னொருவருக்கு விற்கும் பழைய வீடும் வராது. ஆகவே தேவைதான்.

‘கிரய முன்னாய்வு’ என்பதில் ‘முன்னாய்வு’ என்ற பாதியை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அது மிக நல்ல தேர்வு. அட்வான்ஸ் கொடுத்து, கிரய ஒப்பந்தமும் எழுதிக்கொண்டு, அதன்பிறகு ஒரு பையில் நகல்களோடு வழக்கறிஞரைத் தேடி வருவதே இங்கு வழக்கமாகிவிட்டது. குறையைச் சொன்னால், ‘கொடுத்த பணத்தை எப்படி வாங்குவது சார்?’ என்பதுதான் அவர்களின் அடுத்த கேள்வி. எப்போது பார்க்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுவது பெரிய உதவி. ஆனால் ‘கிரயம்’ விற்பனையோடு நின்றுவிடுகிறது. ஈட்டுக்கடன், நீண்டகாலக் குத்தகை, நிலத்துக்காரரும் கட்டுநரும் சேர்ந்து செய்யும் கூட்டுக் கட்டுமான ஒப்பந்தம் ஆகியவற்றுக்கும் இதே ஆய்வுதான் நடக்கிறது. ‘நில முன்னாய்வு’ என்றால் மண் பரிசோதனை என்று பொருள் கொள்ள இடமுண்டு. ‘மனை’ என்றால் அடுக்குமாடி வீடு வெளியே போய்விடும். பத்திரத்தின் அடியில் ‘சொத்து விவரம்’ என்று எழுதும் பழக்கம் எல்லா ஆவண எழுத்தர்களுக்கும் உண்டு. ஆகவே ‘சொத்து’ யாருக்கும் புதிதல்ல, அந்த இடத்தில் அசையாச் சொத்து என்றே எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள்.

எனவே நம் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று கருதுகிறேன். சொத்து முன்னாய்வு: அசையாச் சொத்து ஒன்றை வாங்கவோ, ஈடாகப் பெறவோ, குத்தகைக்கு எடுக்கவோ பணம் கைமாறுவதற்கு முன்னர், அதன் உரிமைமூலத்தையும் (உரிமை யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதையும்), அதன் மீதுள்ள அடமானம் முதலிய பொறுப்புகளையும், அதில் அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டையும் ஆவணங்கள் வழியாகவும் நேரிலும் ஆராய்தல். இதன் இரு பகுதிகளை ‘உரிமைமூல ஆய்வு’, ‘பயன்பாட்டு ஆய்வு’ என்று வழங்கலாம். ஆய்வின் முடிவில் கையெழுத்திட்டுத் தரும் தாளுக்கு, இப்போது ‘லீகல் ஒப்பீனியன்’ என்று சொல்வதற்கு, ‘சட்டக் கருத்துரை’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதை மாற்ற வேண்டாம்.

எனக்கு இன்னும் தெளிவு பிறக்காத ஒரே இடம் ‘பயன்பாட்டு ஆய்வு’. தனியாக நிற்கும்போது அது எதன் பயன்பாடு என்ற கேள்வி வருகிறது. ‘நிலப்பயன்பாட்டு ஆய்வு’ என்றால் நகரமைப்பு அறிஞர்கள் ஊர் முழுவதற்கும் செய்யும் ஆய்வோடு குழம்புகிறது. நகரமைப்புத் துறையில் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் கோப்புகளில் ஒற்றை மனைக்கு இதை எப்படிக் குறிக்கிறார்கள் என்று எழுதினால், அதன்படி திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்