'மூலம் காணல்' சரிவருமா? – கலைச்சொல் விவாதம்

நண்பர்களே,

காற்றில் மிதக்கும் மாசுத் துகளில் எந்த வகைப் புகைக்கு எவ்வளவு பங்கு என்று கணக்கிடுவதைச் சோர்ஸ் அப்போர்ஷன்மென்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'மூலம் காணல்' போதும் என்று ஐயா இந்தக் குழுவில் எழுதியிருந்தார். மூலம் என்றதும் கடலூர்க்காரனுக்கு வைத்தியசாலைப் பலகைதான் நினைவுக்கு வரும், அது கிடக்கட்டும். என் தயக்கம் வேறு.

காற்றை உறிஞ்சி, 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களைக் குவார்ட்சு வடிதாளில் பிடிக்கிறார்கள். புகை மிகுந்த இடமென்றால் ஒரே நாளில் வெள்ளைத் தாள் சாம்பல் பூத்துவிடும். அதிலுள்ள கரிமச் சேர்மங்களைப் பிரித்தால் லெவோகுளுக்கோசான் அகப்படலாம். செல்லுலோசு தீய்ந்தால் உண்டாவது அது. ஆக விறகோ கரும்புச் சோகையோ எங்கோ எரிந்திருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் புகையிலும் அது வரக்கூடும் என்பதால், நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் அவசரப்பட முடியாது. ஹோப்பேன் என்றால் எஞ்சின் ஆயிலைச் சந்தேகிக்கலாம். கொலஸ்டிரால் என்றால் இறைச்சி வறுத்த புகையை. இப்படிப் பல நாள் தாள்களைச் சேர்த்து, எந்தெந்தச் சேர்மம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது என்று கணக்குப் போட்டால், விறகுப் புகை இத்தனை விழுக்காடு, வண்டிப் புகை இத்தனை என்று விடை வரும்.

கவனியுங்கள், வருவது வகையும் பங்கும்தான். 'மூலம் கண்டோம்' என்று எழுதினால் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர் "எந்த ஆலை?" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கணக்கு மட்டும் எந்தப் புகைபோக்கியையும் பெயர் சொல்லிக் காட்டாது. அதனால் சொல்லில் 'பங்கு' இருந்தே தீர வேண்டும். 'பங்கீடு' வேண்டாம், ரேஷன் வாடை அடிக்கிறது. 'தோற்றுவாய்ப் பங்கறிதல்' என்கிறேன்.

அப்புறம், 'ஆர்கானிக்' துகளை, அதாவது கரிமச் சேர்மங்களால் ஆன துகளை, 'கரிமத் துகள்' என்று மொட்டையாக விட்டால் படிப்பவர் கரி என்று எடுத்துக்கொள்வார். புகைக்கரியைத் தனியாக அல்லவா அளக்கிறார்கள்? 'கரிமச் சேர்மத் துகள்' நீளம்தான், பரவாயில்லை. 'இயற்கைத் துகள்' மட்டும் கூடவே கூடாது. உடம்புக்கு நல்லது என்று நினைத்துவிடுவார்கள்!

புதுச்சேரியிலிருந்து மறுமொழி:

'பங்கறிதல்' எனக்குச் சம்மதம். 'தோற்றுவாய்'தான் இடிக்கிறது. வாயுவாக வெளியேறி, வெயிலில் வினைபுரிந்து, காற்றிலேயே துகளாகிறவை நிறைய. மரங்கள் விடும் ஐசோப்ரீன்கூட அப்படித் துகளாவதுண்டு. அங்கே எந்த வாயைக் காட்டுவீர்கள்? அவற்றை 'இரண்டாம்நிலைத் துகள்' என்று தனிக் கூறாக வைத்துவிட்டு, மொத்தத்தையும் 'துகள் பங்கறிதல்' என்றால் போதாதா? ஒன்றாக ஏறி இறங்கும் சேர்மக் கூட்டத்தை அந்தக் கணக்கில் 'ஃபேக்டர்' என்பார்களே, அங்கேயும் 'காரணி' வேண்டாம், 'கூறு' என்றே இருக்கட்டும். காரணி என்றால் மறுபடி குற்றவாளியைத் தேடுவார்கள்.