பழங்கால மேற்கத்திய இசைப் பாடகர்கள்: கேட்டவர்கள், பாடியவர்கள் அனுபவம்

ஆங்கிலேயப் பாடகி எம்மா கிர்க்பியின் குரலை நான் முதலில் கேட்டது, கிறிஸ்டோபர் ஹாக்வுட் நடத்தி 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாண்டல் இயற்றிய 'மெசாயா' என்ற இசைப்படைப்பின் ஒலிப்பதிவில். அதுவரை சொப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்வகை) என்றாலே, பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை எட்டும் கனத்த, இடைவிடாமல் அதிரும் குரலைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். ஆகவே, இந்த மெல்லிய நேர்கோட்டுக் குரல் முதல் பத்து நிமிடங்களுக்கு எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. பிறகுதான் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுவதையும், வேகமான சுரக்கோவைகளில் ஒரு சுரம்கூட மங்காததையும் கவனித்தேன். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்துப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்பதும், தொழில்முறைப் பாடகியாகும் எண்ணமே தொடக்கத்தில் அவருக்கு இல்லை என்பதும் பின்னால் தெரிந்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. 1971இல் டேவர்னர் பாடகர் குழு, 1973இல் கன்சார்ட் ஆஃப் மியூசிக் என்று சிறு குழுக்களின் வழியாகவே அவர் வளர்ந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் அவருடைய பெயரில் உள்ளன.

*

மேலே எழுதிய நண்பருக்குச் சப்பென்று தோன்றிய அந்தக் குரலை உருவாக்க நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஓபரா முறையில் ஆறு ஆண்டுகள் பயின்றபின் ஒரு பயிற்சி முகாமில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் டௌலண்டின் பாடல் ஒன்றை லூட் என்ற நரம்பு வாத்தியத்தோடு பாட நேர்ந்தது. லூட்டின் ஒலி மிகச் சன்னமானது என்பதால், நான் வாய் திறந்ததும் வாத்தியம் காணாமல் போயிற்று. ஆசிரியர் என்னை நிறுத்தி, பாடலை வெறும் கவிதையாக மூன்று முறை வாசிக்கச் சொன்னார். மூன்றாம் முறை என் குரல் இருந்த அளவிலேயே பாடவும் சொன்னார். குரலின் அதிர்வை அறவே நீக்கச் சொல்வார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை ஓர் அலங்கார அணியாக, வேண்டிய இடத்தில் மட்டும் சேர்க்கவே அவர் கற்பித்தார். இத்தாலிய இசையமைப்பாளர் காச்சினி 1602இல் வெளியிட்ட பாடல் தொகுப்பின் முன்னுரையில் விளக்கியுள்ள 'டிரில்லோ', அதாவது ஒரே சுரத்தைத் தொண்டையில் விரைவாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அணி, எனக்குப் பிடிபட ஓராண்டு ஆயிற்று. (வீட்டார் அதை இருமல் என்றே நினைத்திருந்தனர்.)

*

தொழில் பக்கத்தைப் பற்றி ஒன்று. இத்துறையில் மாதச் சம்பளம் தரும் நிலையான இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கச்சேரிக்குக் கச்சேரி தனித்தனி ஒப்பந்தம்தான் என்பதால், உடல்நலமில்லாத பாடகருக்கு மாற்றாகக் கடைசி நேரத்தில் அழைப்பு வந்தாலும் மறுக்க மனம் வராது. அப்படி ஒருமுறை, சுருதி என்ன என்று கேட்காமலே ஒப்புக்கொண்டேன். பரோக் இசைக் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) குழுக்கள், சுருதிக்கு அடிப்படையான A சுரத்தைப் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில், அதாவது இன்றைய 440ஐவிட ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்த்தி வாசிப்பார்கள். அந்த நிம்மதியில் இரண்டு நாள் பாடம் செய்துகொண்டு போனேன். அங்கிருந்த ஆர்கன் வாத்தியமோ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இத்தாலிய இசைக்காக 466இல் சுருதி கூட்டப்பட்டிருந்தது. நான் பழகியதற்கு முழுச் சுரம் மேலே! அன்று மாலை உச்சத்துச் சுரங்களில் இரண்டைப் பாடாமலே விழுங்கினேன். குழுத் தலைவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி அழைக்கவும் இல்லை.